பால் கேட்ட வீட்டில் மார் பார்த்தார்கள்

நடுகை, களையெடுப்பு என்று களக்காட்டிலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவள் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எனக்கு மார்பு சின்னது. வயலில் கூட நிற்கிற பெண்கள் ‘பலகை’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

இருபத்திரண்டு வயதில் பிள்ளை பெற்றேன். இருபதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. புருஷன் கொழும்பில் இருந்தான், கடிதம் இல்லை. பால் மட்டும் நிற்கவில்லை. ஆழ்வார்குறிச்சியில் ஒரு பண்ணை வீட்டில் தாய்க்கு ஜன்னி கண்டு பால் வற்றிவிட்டது, பசும்பால் பிள்ளைக்குச் சேரவில்லை, பால் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். நடந்தே போனேன்.

எனக்கு முன்பே ஒருத்தி வந்திருந்தாள். சாதி கேட்டார்கள். அதில் இருவரும் தேறினோம். பிறகு மாராப்பை விலக்கச் சொன்னார்கள்.

“ஏட்டி, இதுல பிள்ளை என்னத்தக் குடிக்கும்?” என்றாள் வீட்டின் மூத்த மருமகள்.

“காத்தத்தான் குடிக்கணும்” என்று மருத்துவச்சி சிரித்தாள். “அவளப் பாருங்க, கொடம் கணக்கா இருக்கு.”

அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். எனக்குப் பின்கட்டில் கஞ்சி ஊற்றினார்கள். நான் பாதி குடிப்பதற்குள் அவள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத அழுகை அது.

“எம் பிள்ளைக்கு வயசு ஒண்ணாவுது. பாலு கொறஞ்சிட்டுன்னு வந்ததுமே சொன்னேன். இந்த மாரப் பாத்த பொறவு நாஞ் சொல்லுதத யாரு கேக்கா?” என்றாள். கண் கலங்கியிருந்தது.

கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தேன். உள்ளே போய், தொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த, பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தை எடுத்து அத்தனை பேர் முன்னாலும் பீய்ச்சினேன். நிறைந்து மூக்கு வழியே வழிந்தது. மருத்துவச்சி ஒரு சொட்டைச் செம்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். திரியாமல் கலந்தது. நல்ல பாலுக்கு அதுதான் அவர்கள் சோதனை. எங்கள் மார்பைப் பார்த்ததில் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது.

பிள்ளையை நானே தூக்கிக்கொண்டேன். அது வெறியோடு பிடித்தது. வலித்தது.

மூத்த மருமகள் குரலை இறக்கினாள். “சரி, இங்கனயே இரு. ஆனா விருந்தாளி வந்தா உள்ள போயிரு. இவளயா பிடிச்சாவன்னு சிரிப்பாவ.”

“பிள்ளைக்கு எங்க பசிக்கோ அங்கன உக்காந்துதான் குடுப்பேன், தாயி. சிரிக்கவுக சிரிக்கட்டும். பிள்ளையக் குளிப்பாட்ட, தொட்டில் ஆட்ட, பின்கட்டுல இருக்காளே அவளயும் வச்சுக்கிடுங்க.”

அவளால் என்னைப் போகச் சொல்ல முடியவில்லை. பிள்ளை என்னிடம் இருந்தது.

மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டார் வண்டி கட்டி வந்து இறங்கினார்கள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுதது. நான் முற்றத்து நடுவில், அவர்களுக்கு நேராக உட்கார்ந்து மாராப்பை விலக்கினேன்.