ரெய்டர் பிரபுவுக்கு வைத்த டெஸ்ட் மேட்ச்

1. முட்டை

நான் கபடி டீமுக்கு மேனேஜர் ஆனது முட்டையால். கபடி தெரிந்ததால் அல்ல.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எங்கள் எம்.டி.க்குக் கபடிப் பைத்தியம். வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து காரில் வருவார். முதலில் கிரவுண்டுக்குப் போவார், அப்புறம்தான் மெஷின் ஷாப். ஒரு வியாழன், காலையில் முட்டை சரியாக வருவதில்லை என்று பிளேயர்கள் அவரிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். நேராகக் கேன்டீனுக்கு வந்தார்.

“முட்டை யார் பொறுப்பு?”

“நான்தான் சார்.”

“அப்போ டீமும் இனிமே உங்க பொறுப்பு.”

பழைய மேனேஜர் முந்தின வாரம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. முட்டைக்குப் பயந்து போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

கபடியை நான் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ரெய்டர், அதாவது எதிர்ப்பக்கம் பாடிப் போகிறவன், கொஞ்சமாகச் சாப்பிடுவான். வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது. நம் பக்கம் நின்று எதிராளியைப் பிடிக்கிறவர்கள் கேச்சர்கள். அவர்கள் இரண்டாம் முறை சோறு கேட்பார்கள். மூன்றாம் முறை கேட்காமலே போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் ரெய்டர் பிரபு. சாலவாக்கம் பக்கத்துப் பையன். அவன் பாடப் போனால் எம்.டி. நாற்காலியில் உட்கார மாட்டார். சுற்றுவட்டாரத்து டோர்னமென்ட் போஸ்டர்களில் எல்லாம் அவன் முகம்தான் பெரிதாக இருக்கும். மற்ற ஆறு பேர் அவன் தோளுக்குப் பின்னால் ஸ்டாம்ப் அளவில் இருப்பார்கள்.

அந்த ஆறு ஸ்டாம்புகளில் ஒருவர் ஏசுதாஸ். மானாம்பதிக்காரர், லெஃப்ட் கார்னர். வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது அவர் வேலை. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஏசுதாஸ் ஏஜென்சி மூலம் எங்கள் கம்பெனிக்கு காண்ட்ராக்டில் வந்தார். அவர் மனைவி ரோஸி என் கேன்டீனில் காண்ட்ராக்ட். பிரபுவும் காண்ட்ராக்ட்தான். போஸ்டரில் முகம் பெரிதாக இருந்தால் பர்மனென்ட் ஆகிவிட முடியாது.

2. ஒரு இடம், இரண்டு பேர்

அந்த வருடம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு பர்மனென்ட் போஸ்ட் போட கம்பெனி சம்மதித்தது. அதற்கான மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டீ கொண்டு வரத்தான் இருக்கும் என்று டிரேயோடு போனேன். உட்காரச் சொன்னார்கள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பிரபுவுக்குக் கொடுத்துடலாம்” என்றார் எம்.டி.

எச்.ஆர். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்தால் மீட்டிங் நீளும்.

“சார், பிரபு அவுட் ஆனா வெளியே போய் உட்கார்றான். நம்ம பக்கம் யாராவது எதிர் டீம்ல ஒருத்தரை அவுட் பண்ணாத்தான் அவன் மறுபடி உள்ளே வர முடியும். போன டோர்னமென்ட் முழுக்க அவனை உள்ளே கொண்டுவந்தது ஏசுதாஸ். அவர் பிடிக்கலைன்னா பிரபு பாதி மேட்ச் வேடிக்கைதான் பார்த்திருப்பான்.”

“பாயிண்ட் எடுக்கறது பிரபு.”

“எடுக்கறதுக்கு உள்ளே இருக்கணுமே சார்.”

எம்.டி. என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

“ரெண்டு பேருக்கும் நல்ல பசி சார்” என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

கடைசியில் எம்.டி. ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு டெஸ்ட் மேட்ச் வைப்போம். பிரபு ஒரு பக்கம், அவனோடு ஆபீஸ் ஸ்டாஃப் ஆறு பேர். எதிர்ப்பக்கம் ஏசுதாஸ் உள்பட அவனுடைய சொந்த டீம், பெஞ்சில் இருந்த ஒருவரையும் சேர்த்து. கேச்சர்கள் இல்லாமல் பிரபு பாயிண்ட் எடுத்தால் போஸ்ட் பிரபுவுக்கு. எடுக்காவிட்டால் மேடம் சொல்வது சரி, போஸ்ட் ஏசுதாஸுக்கு.

நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது. ரோஸி யார் பக்கமும் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

“பர்மனென்ட் ஆனா புள்ளைங்க ரெண்டுத்தையும் கம்பெனி செலவுல நல்ல ஸ்கூல்ல போட்ரலாம் சார்” என்றாள் ஒரு நாள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. “இந்த ஆளு இன்னாத்தியும் கெடுக்காம நின்னா போதும்.”

பிரபு அந்த வாரம் முட்டையைத் தொடவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. இன்னும் இரண்டு சீசன் ஓடினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட முடியாத ரெய்டருக்குக் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் ஏஜென்சியை நான் பார்த்ததில்லை. அவனுக்கும் இதை விட்டால் வேறு வழி இல்லை.

3. மேட்ச்

முதல் ரெய்டு பிரபு போனான். ஏசுதாஸ் கணுக்காலைப் பிடித்தார். பிரபு அவுட்.

இதில் ஆச்சரியம் இல்லை. தினமும் காலையில் பிராக்டிஸில் அவனைப் பிடித்துப் பழகிய ஆள் அவர். அவன் எந்தக் காலை எப்போது நீட்டுவான் என்பது அவனுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

பிரபு வெளியே போய் உட்கார்ந்தான். அவனை உள்ளே கொண்டுவர வேண்டிய பொறுப்பு இப்போது ஆபீஸ் ஸ்டாஃபுடையது. அவர்களில் முக்கியமானவர் அக்கவுண்ட்ஸ் சேகர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு விளையாடினார், அதனால் எதிரில் வருவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டோர்ஸ்காரர் ரெய்டர் வரும்போதெல்லாம் வழிவிட்டார். ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக அவுட் ஆனார்கள். மொத்த டீமும் அவுட் ஆனால் எல்லாரும் மறுபடி உள்ளே வரலாம் என்பது கபடி விதி. முதல் பாதியில் பிரபு உள்ளே வந்ததெல்லாம் இந்த வகையில்தான். வந்ததும் ரெய்டு போனான், வந்ததும் பிடிபட்டான்.

இடைவேளையில் எம்.டி. மேடத்திடம் சொன்னார்: “நீங்க சொன்னதுதான் சரி போலிருக்கு.” மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். கோட்டருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஏசுதாஸுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.

பிரபு தனியாக மண்ணில் உட்கார்ந்திருந்தான். நான் குளுக்கோஸ் நீட்டினேன். வாங்கினான், குடிக்கவில்லை. வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், ஏசுதாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் ஒருவர்தான் என்று முடிவு செய்த மீட்டிங்கில் நானும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறேன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பிரபு ரெய்டு போனான், பிடிபட்டான், வெளியே போய் உட்கார்ந்தான். எதிர் டீமின் முறை வந்தது. வழக்கமாகப் பாடப் போகிறவர் எழுந்தார். ஏசுதாஸ் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

“இரு. நான் போறேன்.”

கார்னர் ஆள் ரெய்டு போக மாட்டார். எனக்கே அது தெரியும். ஏசுதாஸ் போனார். பாடிக்கொண்டே நேராக சேகரிடம் போனார். சேகருக்கு ஒதுங்க இடமில்லை. தடுமாறி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். விசில். ஏசுதாஸ் அவுட்.

அவுட் ஆனவர்களில் முதல் ஆள்தான் முதலில் உள்ளே வர வேண்டும். முதல் ஆள் பிரபு. உள்ளே வந்தான். அடுத்த ரெய்டு அவன் போனபோது எதிர்ப்பக்கம் லெஃப்ட் கார்னரில் ஏசுதாஸ் இல்லை. பழக்கமில்லாத ஒருவர் அங்கே நின்றார். பிரபு அந்த ஓட்டைக்குள் புகுந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

இப்படி மூன்று முறை நடந்தது. பிரபு வெளியே உட்கார்ந்தால் ஏசுதாஸ் ரெய்டு போவார். போய் சேகரிடமே மாட்டுவார். மற்ற ஆறு பேரும் ஒழுங்காகத்தான் விளையாடினார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்டாஃப் டீம் தோற்றது. ஆனால் கொஞ்சத்தில்தான் தோற்றது, எடுத்த பாயிண்ட் ஏறக்குறைய எல்லாம் பிரபு எடுத்தது. எம்.டி. நாற்காலியில் உட்காரவே இல்லை.

“இந்த ஆட்களை வச்சுக்கிட்டு இவ்வளவு பாயிண்ட்! இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?” என்றார்.

மேடம் பேனாவை எடுத்துக்கொண்டார். சேகர் அந்த மூன்று பிடிகளைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்.

4. கரண்டி

கைகழுவும் இடத்தில் ஏசுதாஸைப் பிடித்தேன்.

“ஏம்ப்பா ரெய்டு போன?”

“தெரில சார்.”

“தெரியாம மூணு தடவையா?”

“வுடு சார். யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத.”

நான் சொல்லவில்லை. ரோஸிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னா சார் இது? இந்த ஆளு வேலைய தூக்கி குடுத்துட்டு வந்துகிறாரு. நீங்க மேனேஜரு. பாத்துகினுதான நின்னீங்க?”

“விதிப்படி மேனேஜர் கோட்டுக்குள்ள போகக் கூடாதும்மா.”

“நல்ல விதி சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழுதாள். மறுநாள் சாம்பாரை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

பிரபுவுக்கு ஆர்டர் கொடுத்த அன்று சின்ன விழா வைத்தார்கள். மைக்கில் பேசச் சொன்னார்கள். “கேச்சர் இல்லாம பிரபு ஒண்ணும் இல்லன்னு பேசிக்கினு இருந்தாங்க. தனியா நின்னு காட்டிட்டேன்” என்றான். பையன் மனதாரத்தான் சொன்னான். அவனுக்கு விஷயமே தெரியாது. எல்லாரும் கைதட்டினார்கள். ஏசுதாஸும் தட்டினார். கார்னர் ஆளுக்குக் கை பெரிது, சத்தம் நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நாளில் ஏஜென்சி மாறியது. பழைய காண்ட்ராக்ட் ஆட்கள் சிலரைப் புதுப்பிக்கவில்லை. அதில் ஏசுதாஸ் ஒருவர். லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்.

அடுத்த டோர்னமென்டில் முதல் ரவுண்டிலேயே தோற்றோம். பிரபு இரண்டாவது ரெய்டில் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்தான். புது கார்னர் ஆள் நல்ல உயரம், நல்ல உடம்பு. யாரையும் பிடிக்கவில்லை. மறுநாள் பிரபு கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ரோஸி போய் எதிரில் நின்றாள். டெஸ்ட் மேட்சில் ஏசுதாஸ் போய் மாட்டியதை ஒவ்வொரு ரெய்டாகச் சொன்னாள். அவள் குரல் உயரவே இல்லை.

பிரபு என்னைப் பார்த்தான். “மெய்யா சார்?”

“மெய்தான்.”

5. நல்ல கேள்வி

வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் எம்.டி. ரூமுக்குப் போனோம். ஏசுதாஸைத் திரும்ப எடுக்கச் சொல்லி பிரபு கேட்டான்.

“நீ அவன் இல்லாமலே பாயிண்ட் எடுத்தே. நானே பார்த்தேனே” என்றார் எம்.டி.

“அவர்தான் சார் என்னிய உள்ள வுட்டாரு.”

“அவன் எதிர் டீம்ப்பா.”

நான் குறுக்கிட்டேன். “வேணும்னே போய் மாட்டினாரு சார்.”

எம்.டி. சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையாகவே சிரிப்பு வந்திருக்கிறது. “அக்கவுண்ட்ஸ் சேகர்கிட்ட மூணு தடவை மாட்டின ஆளு. வேணும்னே மாட்டினான்னா இன்னும் மோசம். வேணும்னே மாட்டுற ஆளை எந்த டீம்ல சேர்ப்பாங்க?”

கேள்வியில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கஷ்டம்.

புதிதாக மேனேஜர் ஆகிறவர்கள் சில பேர் என்னிடம் கேட்பதுண்டு, ஸ்டார் பெரிதா, கூட நிற்கிறவர்கள் பெரிதா என்று. ஒருவனைக் கூட்டாளிகளிடமிருந்து பிரித்து நிறுத்தினால் அவன் சொந்த பலம் தெரிந்துவிடும் என்றுதான் எங்கள் எம்.டி. நினைத்தார். எதிர்ப்பக்கம் நிறுத்தியதோடு பிரித்தாகிவிட்டது என்று நினைத்தது தவறு. அங்கேயும் அவர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள். இதை நான் கற்றுக்கொண்டேன், ஆனால் அதற்குள் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது.

இப்போது பிரபு ஞாயிற்றுக்கிழமைகளில் மானாம்பதி டீமுக்கு விளையாடுகிறான். பர்மனென்ட் ஆட்கள் வெளியே ஆடக் கூடாது என்று கம்பெனி மெமோ கொடுத்தது, வாங்கிக்கொண்டான். ஏசுதாஸ் லெஃப்ட் கார்னர். போன வாரம் நானும் பார்க்கப் போனேன். ரோஸி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“கோபம் போயிடுச்சாம்மா?”

“எங்க சார் போவும்? புள்ளைங்க அதே ஸ்கூல்லதான கீதுங்க. அந்தப் பையன் மூஞ்சப் பாத்தா இன்னிக்கும் எரியுது.”

அந்த நேரம் பிரபு பிடிபட்டு வெளியே வந்து கோட்டோரம் உட்கார்ந்தான். எதிர் டீம் ரெய்டர் உள்ளே வந்தான், தப்பித்துப் போனான். மறுபடி ஒருவன் வந்தான், அவனும் தப்பித்துப் போனான். பிரபு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ரோஸி செங்கல்லிலிருந்து எழுந்தே விட்டாள்.

“யோவ்! கண்ணு தெரியலியா உனக்கு? புள்ள எம்மாம் நேரமா வெளியே குந்திக்கினு கீது, நீ பாத்துகினு நிக்கிற! புட்ச்சி உள்ள இட்டாய்யா அவன!”

ஏசுதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவனின் கணுக்காலைப் பிடித்தார்.