டைப் அக்கா வாசிக்காமல் விட்ட வரிகள்

குருமடத்து நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் டைப் அக்கா இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். ஃபாதரின் கோழிக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். யோபு நூலைக் கரைத்துக் குடித்த அந்த விவிலிய அறிஞரின் ஆறு புத்தகங்களும் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போயின. முன்னுரைகளில் அச்சகத்துக்காரருக்குக்கூட நன்றி உண்டு, அவளுக்கு இல்லை. போகட்டும் என்று விட்டிருப்பாள், அந்த மலை மடத்துத் துறவி மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

துறவி புத்தகம் எழுதுகிறவர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃபாதருக்குக் கடிதம் போடுவார். முதல் பாதி வசன விளக்கம், மறுபாதி அன்பு. ஃபாதரின் பார்வை மங்கியதும் அதை வாசித்துக் காட்டும் வேலையும், அவர் சொல்லச் சொல்லப் பதில் அடிக்கும் வேலையும் அக்கா தலையில் விழுந்தன. கடிதம் வந்த அன்று மனிதர் காபி ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அக்கா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்து வந்தபோதோ, "வந்துட்டீங்களா" என்பதோடு சரி. வயிறு எரியாதா? எரிந்தது. அடுத்த கடிதத்தில் விளக்கம் முடிந்து ‘என் அருமை நண்பரே’ என்று தொடங்கிய இடத்தில் மடித்து உறைக்குள் போட்டாள்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான் ஃபாதர்."

அதிலிருந்து எல்லாக் கடிதத்துக்கும் அதே வைத்தியம். மிச்சத்தை அவளும் படிப்பதில்லை. படித்தால் இன்னும் எரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஃபாதர் சொன்னார்: "கண்ணு முழுசாப் போயிடுச்சுன்னு எழுதி நாலு மாசம் ஆச்சு. அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேக்கலையே. நான் அவருக்கு வெறும் அகராதி போல இருக்கு. இனிமே எழுத வேணாம்மா."

அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் சொல்லும்போது அவர் கை மேசை விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அவரு கேட்டிருப்பாரு ஃபாதர். நான்தான் மீதியை வாசிக்கலை."

அவள் இழுப்பறையைத் திறந்து, அந்தச் செய்திக்குப் பதிலாக வந்த உறையைத் தேடி எடுத்து, மடித்த இடத்திலிருந்து படித்தாள்.

‘என் அருமை நண்பரே, உங்கள் கண்களை நினைத்து இங்கே அழுதேன். ஆனால் ஒரு பொறாமையும் உண்டு, மறைக்க மாட்டேன். உங்களுக்குத் தட்டச்சு செய்கிற அந்த அம்மா, நீங்கள் நினைப்பதை அந்த நிமிடமே கேட்கிறார். எனக்கு மூன்று வாரம் ஆறிப்போய்த்தான் வருகிறது. அவருடைய நாற்காலி கிடைத்தால் என் புத்தகங்களை எல்லாம் கொடுத்துவிடுவேன்.’

அக்கா கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

ஃபாதர் அதைத் தடவி எடுத்து மடித்தார். பிறகு, "நீங்களும் அவரும் சரியான ஜோடி," என்றார். சிரிக்கவில்லை. "பேப்பரைப் போடுங்க, பதில் எழுதணும்."

"சொல்லுங்க ஃபாதர்."

"நான் என்னத்தைச் சொல்றது? வாசிக்காம விட்டது நீங்க. நீங்களே எழுதுங்க."

நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கிற விரல்கள் அவை. முதல் வரியை அடித்து முடிப்பதற்குள் மதிய மணி அடித்துவிட்டது.

‘ஐயா, எனக்கும் உங்கள் மேல் பொறாமைதான்.’