கெட்டிமேளத்துக்கு அடியில

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். எழுதி என்னா ஆவப்போவுதுன்னு ஒரு சோம்பேறித்தனம். ஃபார்ம் த்ரீயோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டுனவன் நான். என் தமிழப் பாத்தா எங்க டீச்சரு ரோத்தான் கம்ப எடுத்துக்கிட்டு நான் இருக்குற பாசிர் கூடாங் வரைக்கும் தேடி வருவாங்க. ஆனா அந்த வாரம் நான் பட்ட பாடு இன்னும் நெஞ்சுலயே உக்காந்திருக்கு, எறங்க மாட்டேங்குது. அதான்.

நமக்கு பேக்டரில வேல. லீவு நாள்ல கல்யாண வீடியோ எடுத்து எடிட் பண்ணுவேன். என் கூட்டாளி கல்யாணத்துக்கும் நாந்தான் கேமரா. ஜொகூர் பாருல கோயில் மண்டபம். மாப்பிள்ள ஜிப்பால சின்ன மைக்க நானே குத்தி விட்டேன். "அந்தப் பக்கம் சொறியாதடா, ரெக்கார்ட் ஆவும்"னு சொல்லியும் விட்டேன்.

அஞ்சாறு மாசம் கழிச்சி அவன் பொண்டாட்டி போன் அடிச்சிச்சு. மூவார்ல அம்மா வீட்டுக்குப் போயிருச்சாம்.

"அண்ணே, வீடியோல பாத்தேன். தாலி கட்டுறப்ப அவரு வாய் அசையுது. என் காதுகிட்ட என்னமோ சொல்றாரு. மேளத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. என்னா சொன்னீங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லங்கிறாரு."

"வாய்க்குள்ள ஈ போயிருக்கும்மா. துப்பிருப்பான்."

அது சிரிக்கல.

"வெளையாடாதீங்கண்ணே. சிங்கப்பூர்ல வேல முடிஞ்சி, ஜொகூர் பாலத்து ஜாம்ல மோட்டர் பைக்குல நின்னு வர்றாரு. சாப்புடுறாரு, படுக்குறாரு. ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறாரு. ஊரே பாக்குறப்ப பேசுனவருக்கு வீட்டுல என்னா வந்துச்சு? புடிக்காம கட்டுனாரான்னு எனக்குத் தெரியணும். மேளத்த எடுத்துட்டு அவரு கொரல மட்டும் குடுங்க. அதக் கேட்டுட்டுதான் வர்றதா வேணாமான்னு சொல்லுவேன்."

அலமாக். ஒரு குடும்பத்தக் கொண்டாந்து என் கம்ப்யூட்டர்ல வச்சிருச்சு.

கூட்டாளிய ஒரு தே தாரேக் டீக்கடைக்கு இழுத்துக்கிட்டு போனேன்.

"என்னா மச்சான் சொன்ன? நீயே சொல்லித் தொலைச்சா எனக்கு வேல மிச்சம்."

"சொல்ல மாட்டேன்."

"கெட்ட வார்த்தையா?"

"டேய்!"

"பசிக்குதுன்னு சொன்னியா? உன் மூஞ்சிக்கு அதான் வரும்."

அவன் கிளாஸயே பாத்துக்கிட்டு இருந்தான். "அவகிட்ட ஒண்ணு கேட்டேன்டா. பதிலே சொல்லல. நேரா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. திரும்ப ஒரு வாட்டி கேக்குற தைரியம் எனக்கு இல்ல."

"மாங்கா! மேளத்துல அதுக்குக் கேக்கலடா!"

"இப்ப அப்படித்தான் சொல்றா. அன்னிக்கு அவ மூஞ்சிய நாந்தானே பாத்தேன்."

கெட்டிமேளம் அடிக்கிறதே அந்த நேரத்துல எவன் தும்முனாலும், எவன் அழுதாலும், எவன் வாய வச்சிக்கிட்டு சும்மா இல்லாட்டியும் காதுல விழக்கூடாதுன்னுதானே. எங்க பாட்டன் பூட்டன் கண்டுபுடிச்ச நாய்ஸ் ரிடக்‌ஷன் அது. அதுக்கு மேல நான் ஒரு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா என்னா ஆவும்? ஒண்ணும் ஆவல.

தவுல் சத்தத்த ஒரு மாதிரி அமுக்கிட்டேன். நாதஸ்வரந்தான் உயிர வாங்கிச்சு. மனுசக் கொரல மட்டும் பிரிச்சிக் குடுக்குற சாஃப்ட்வேர் ஒண்ணுல போட்டுப் பாத்தேன். அந்த முட்டாளு நாதஸ்வரத்த மனுசன்னு நெனச்சி வச்சிக்கிட்டு, மாப்பிள்ளைய சத்தம்னு தூக்கிப் போட்டுருச்சு. இன்னும் கொஞ்சம் ஏத்துனா, அவன் கொரலு கொழாய்த் தண்ணிக்குள்ள வாத்து கத்துற மாதிரி வருது. பேக்டரில மெசின் முன்னாடி நிக்கிறப்பவும் காதுல பீப்பீன்னு அதே நாதஸ்வரம். சோறு எறங்கல. மூவார்லேர்ந்து தெனம் ஒரு மெசேஜு: "கெடச்சிச்சா அண்ணே?"

கடைசில கேவலமா ஒரு ஐடியா பண்ணேன். கூட்டாளிய ரூமுக்குக் கூப்புட்டு மைக்க நீட்டுனேன். "அன்னிக்கு சொன்னத இப்ப சொல்லு. மேளத்துக்கு அடியில சொருவிடுறேன். எவனுக்கும் தெரியாது."

நான் வெளிய போயி நின்னேன். திரும்பி வந்து பாத்தா மைக்கு ஓடிக்கிட்டே இருக்கு, அவன் கை ரெண்டையும் தொடைக்கு நடுவுல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு சத்தம் பதிவாவல.

"வரலடா. அது அங்க வந்தது. இங்க வந்தா பொய்யா இருக்கு."

கிண்டல் பண்ணலாம்னு வாயத் தொறந்தேன். அவன் கண்ணப் பாத்ததும் மூடிக்கிட்டேன். அவன் போயிட்டான்.

வேற வழி இல்லாம திரும்பவும் மொதல்லேர்ந்து கேட்டேன். அப்பதான் ஒண்ணு தட்டுச்சு. நாதஸ்வரக்காரரும் மனுசந்தானே, மூச்சு விடணும்ல? அவரு மூச்சு எடுக்குற எடத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டுனேன். தாலி முடிச்சு விழுகுறப்ப ஒரு மூச்சு. கண்ண மூடித் தொறக்குற நேரந்தான். அதுக்குள்ள என் கூட்டாளி:

"பயமா இருக்குடி, நீ..."

அதுக்கு மேல நாதஸ்வரம் ஏறி உக்காந்துருச்சு. எவ்வளவு நோண்டியும் மிச்சம் வரல.

இத அப்படியே அனுப்புனா, 'கட்டுறப்பவே பயந்துதான் கட்டுனான்'னு அந்தப் புள்ள மூவார்லயே தங்கிரும். அனுப்பாட்டி, நாங்க ரெண்டு பேரும் சேந்து மறைக்கிறோம்னு தங்கிரும். எப்படிப் பாத்தாலும் கத முடிஞ்சிச்சு. எந்தக் கல்யாணத்துலயும் நான் இப்படி சாமியக் கும்புட்டதில்ல லா.

கடைசில கூட்டாளிக்கே அனுப்புனேன். "மச்சான், பாதிதான் கெடச்சிச்சு. மிச்சத்த என் கம்ப்யூட்டரால எடுக்க முடியாது, உன்னாலதான் முடியும். மொதல்ல நீ கேளு. அதுக்கப்புறம் உன் பொண்டாட்டிக்கு அனுப்புறியா அழிக்கிறியா, உன் இஷ்டம்."

போன கையில வச்சிக்கிட்டு ரூமுக்குள்ளயே நடந்தேன். கொசு கடிச்சது கூடத் தெரியல. அப்பறம் போன் டிங்குன்னுச்சு.

"மிச்சத்த டைப் பண்ணி சேத்து அனுப்பிட்டேன், இப்ப அவ கூப்புடுறாடா, எடுக்கவா?"