மறுதுவாரத்து வெளிச்சம்

மகளுக்குச் சளி பிடித்தால் நான் முதலில் தேடுவது டார்ச் லைட்டை. கல்லூரிக்குப் போகிற பெண். "ஆரம்பிச்சிட்டியாம்மா?" என்று சிரித்தபடி முகத்தை நிமிர்த்திக் கொடுப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் அண்ணன் சிவகாசியில் ஒரு கண் டாக்டரிடம் கம்பவுண்டர். அதற்கு முன் சில மாதங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் தீக்குச்சி மருந்து கலக்கியவர். மூச்சு விடும்போது அவர் மூக்கில் மெல்லிய விசில் கேட்கும். கலவையில் சேரும் ஆரஞ்சுப் பொடி மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் அதுதான் என்று நம்பினோம், அவரும் மறுக்கவில்லை. கம்பெனியை விட்டுப் பத்து வருடமாகியும் விசில் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று நானாவது யோசித்திருக்கலாம்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்திருந்தபோது, மூக்கடைத்து, சாப்பிட முடியாமல் அழுதாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பழுப்புக் குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டார். "இந்தா தாயி, கதவு திறந்துருச்சுல்ல?" உடனே திறந்தது. குப்பியை என்னிடம் விட்டுப் போனார். நான்கு நாள் ஊற்றியது என் கைதான். ஐந்தாம் நாள் அவளே குப்பியை எடுத்து வந்து, "இன்னும் ஊத்தும்மா" என்றாள்.

அடுத்த வாரம் வந்த அண்ணனுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. வரமாட்டேன் என்றவரை எங்கள் ஊர் மூக்கு டாக்டரிடம் இழுத்துப் போனேன். மகளும் வந்தாள். ஒரு துவாரத்தில் டாக்டர் டார்ச் அடித்தார். நடுச்சுவர் ஓட்டை வழியே மறுதுவாரம் சிவப்பாக ஒளிர்ந்தது.

"எந்தக் கம்பெனி?"

"தீப்பெட்டிங்கய்யா."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அப்போதுதான் மகள் சொன்னாள்: "மாமாகிட்ட நல்ல மருந்து இருக்கு டாக்டர். ஊத்துனா மேப்பல்லு பூராம் மரத்துப்போகும்."

பேனா நின்றது. என் பையிலிருந்த குப்பியை வாங்கி, ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துக் காத்திருந்தார்.

"இது கொக்கேன். கண்ணு ஆபரேஷனுக்கு மரத்துப்போக ஊத்துறது. மூக்குச் சுவரை அரிச்சது இதுதான். எம்புட்டு வருசமாப் போடுறீக?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "சளிக்குன்னுதான் ஆரம்பிச்சேன். பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பேனா தங்கச்சி?"

நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் அதன்பின் அவரை என் வீட்டுப் படியேற விடவில்லை. சில வருடங்களில் அவர் மூக்குத்தண்டு உள்வாங்கிவிட்டது என்று பிறர் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று டாக்டர் டார்ச்சை மகள் பக்கம் திருப்பினார். "ஓட்டை இல்ல" என்று அவர் சொல்லும்வரை நான் மூச்சு விடவில்லை. இன்றும் அப்படித்தான். ஒரு துவாரத்தில் வெளிச்சம் அடித்து மறுதுவாரத்தைப் பார்க்கிறேன். அது இருட்டாக இருக்கிறது. இரண்டாம் முறையும் பார்த்த பிறகுதான் டார்ச்சை அணைக்கிறேன்.