சேட்டு வண்டிக்கு ரிவிட் அடித்தபோது

அந்த ஐப்பசி மாதம் முழுக்க நான் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் உட்கார்ந்து என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சும்மா முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டுத் திட்டினேன். அவர் பெட்டிக்கு வெளியே நின்று ரிவிட் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு தகடு.

திட்டுக்குக் காரணம் என் அம்மா. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய குப்பத்தில் தனியாக இருந்தாள். மீன் வியாபாரம். முன்வரிசை வீடுகளைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டது. அம்மா வாசலுக்கும் அலைக்கும் நடுவில் யாருடையதோ இடிந்த சுவர் ஒன்றுதான் பாக்கி. அதுவும் போய்விட்டால் அடுத்தது அவள் வீடு. எங்களோடு வந்து இரு என்று நான் கூப்பிட்டால், "உன் புருசன் வாயத் தொறந்து வான்னு சொல்லட்டும், வரேன். மாப்ள வூட்டுல அழையாத போய் குந்திகினா நாலு பேர் இன்னா பேசுவாங்க?" என்றாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

சரி என்று அவரிடம் கேட்டேன். சோறு போடும்போது கேட்டேன். சாப்பிட்டார், கை கழுவினார், போனார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். பாய் விரித்துக்கொண்டே கேட்டேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தால்கூட சண்டை போட்டு ஆறியிருப்பேன். என் அம்மா ஒரு பதிலுக்குக்கூடப் பெறாதவளா என்று வயிறு எரிந்தது.

எங்கள் ஷெட் எண்ணூர் போகிற ரோட்டின் ஓரத்தில் இருந்தது. லாரிகளுக்கு பாடி கட்டுவது, நசுங்கியதை நிமிர்த்துவது, இந்த டிங்கர் வேலைதான் தொழில். ரோட்டில் எப்போதும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையில் ஒருநாள் நுழைந்து வந்தது சேட்டு வண்டி.

வண்டி என்றால் பழைய லாரி ஒன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கும் அலுமினிய வீடு. உள்ளே படுக்கை, அலமாரி, அடுப்புமேடை, ஜன்னல் எல்லாம் உண்டு. யாரோ வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து ஊர் சுற்றிவிட்டு இங்கேயே விற்றுவிட்டுப் போனதாம். கை மாறி மாறி யானைக்கவுனி சேட்டிடம் வந்து சேர்ந்திருந்தது. சேட்டு வீட்டம்மா வெளியே ஒரு வாய் சாப்பிட மாட்டார்களாம். குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போக வேண்டும், சமையலும் கூடவே வர வேண்டும், அதற்குத்தான் இது. சேட்டு எங்கள் ஷெட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டே சொன்னார்: "ஒரு சொட்டு மழை உள்ளே வரக்கூடாது. பழசு எப்டி இருந்துச்சோ அப்டியே பண்ணு."

பழையபடி என்றால் பழைய முறை ரிவிட். இடையில் யாரோ புத்திசாலி இரும்பு ஸ்க்ரூவாக அடித்து ஓட்டியிருந்தான். உப்புக் காற்றில் இரும்பைச் சுற்றியிருந்த அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து, விரல் விட்டால் வெளியே வந்தது. ஒரு பக்கத் தகடு முழுக்கக் கழற்றிப் புதுசு போட வேண்டியிருந்தது.

அந்த ரிவிட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் காற்றில் ஓடும் துப்பாக்கியை ரிவிட்டின் தலையில் வைத்து அடிக்க, உள்ளே ஒருவர் அதன் வாலுக்கு எதிரே இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டிக்கு டாலி என்று பேர். அடி விழ விழ வால் டாலியில் மோதிப் பரந்து இறுகும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, அதனால் தட்டுதான் பேச்சு. உள்ளே இருப்பவர் தகட்டில் ஒரு தடவை தட்டினால் சரி, அடுத்தது. இரண்டு தடவை தட்டினால் இன்னும் அடி. படபடவென்று தட்டினால் நிறுத்து. டாலி பிடித்த ஆள் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். என் கை ஒல்லி, எந்தச் சந்திலும் நுழையும். அதனால் நான் உள்ளே.

தட்டுக்கு மட்டும் மனுஷன் தவறாமல் பதில் கொடுத்தார். இடது உள்ளங்கையை எப்போதும் தகட்டில் பதித்தபடியேதான் அடிப்பார். ஒரு தட்டு தட்டினால் துப்பாக்கி உடனே நகரும். வாயால் கேட்டால் பதில் இல்லை, டாலியால் கேட்டால் உண்டு. இதுவே எனக்கு இன்னும் எரிச்சல். தகடு மேல் இருக்கிற அக்கறை கட்டின பெண்டாட்டி மேல் இல்லையே என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அன்றைக்குக் காலையிலேயே காற்று சரியில்லை. துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று எதிர் டீக்கடை ரேடியோ சொன்னது. எனக்குக் கை வேலையில் இருந்ததே தவிர, மனசு அந்த இடிந்த சுவரில் இருந்தது. அடுப்புமேடைக்கு மேலே இருந்த மூலைக்கு வந்திருந்தோம். அங்கே மர அலமாரியைக் கழற்ற முடியவில்லை. அதன் பின்பக்கம் கையை விட்டு, சூடு தாங்க அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சைத் தள்ளிக்கொண்டு, குருட்டாம்போக்கில் டாலியை வைத்தேன். அவர் அடிக்க ஆரம்பித்ததும் டாலி கைக்குள்ளேயே நழுவிவிட்டது. கையை இழுத்தால் வளையல் பழைய ஒயரில் மாட்டிக்கொண்டது. கட்டை விரல் டாலிக்கும் ரிவிட்டுக்கும் நடுவில் இருந்தது.

இன்னொரு கையால் தகட்டைத் தட்ட எட்டவில்லை. அலமாரி மரத்தில் படபடவென்று தட்டினேன். துப்பாக்கி நிற்கவில்லை. அந்த நேரம் கரண்ட் போனது. துப்பாக்கிக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் விக்கி அடங்கியது. ஷெட்டே கப்சிப். இனி என்ன, கேட்கும் என்று, "யோவ், நிறுத்துய்யா! கை மாட்டிகிச்சு!" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அத்தனை சத்தம். டேங்கில் மிச்சம் இருந்த காற்றில் துப்பாக்கி இன்னொரு முறை அடித்தது.

வலி உச்சந்தலைக்கு ஏறியது. வளையலை உடைத்துக் கையை உருவினேன். கொலை செய்துவிடும் கோபத்தோடு வெளியே வந்தேன்.

அவர் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு துப்பாக்கியின் குதிரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஹோஸை உதறினார். பிறகு தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். அது மெதுவாகச் சுற்றி நின்றதைப் பார்த்த பிறகுதான் கரண்ட் போனதே அவருக்குப் புரிந்தது. அத்தனை பெரிய கம்ப்ரஸர் நின்றிருக்கிறது, இவர் ஃபேனைப் பார்க்கிறார்.

"எங்கம்மா கடல்ல போவப்போறா, தெரியுமாய்யா உனக்கு?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. கையிலிருந்த டாலியைச் சிமென்ட் தரையில் போட்டேன். அவர் முதலில் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். அப்புறம்தான் திரும்பினார்.

"இன்னாமே இது, கையெல்லாம் ரத்தம்!"

துணியைக் கிழித்து விரலில் சுற்றினார். நான் அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். "உனக்குக் காது கேக்குதா இல்லியா?"

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். "மந்தமா கீது. போன வருசம் விசில் மாதிரி ஆரம்பிச்சுது. இப்ப விசில் மட்டும்தான் கீது. நீ தகட்டுல தட்றது உள்ளங்கையில தெரியும், அவ்ளோதான்." உடனே குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "வெளிய சொல்லிடாதே. செவிட்டு டிங்கர்னு தெரிஞ்சா எவன் வண்டி வுடுவான்?"

"ஊருக்கு சொல்லாதே. என்னாண்ட சொல்றதுக்கு இன்னா கேடு?"

"எங்க சொல்றது? நீதான் என்னாண்ட பேசறதே இல்லியே. மூஞ்சிய தூக்கி வச்சிகினு அந்தாண்ட திரும்பிகினு கீறே. நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்கே பேஜாரா பூட்ச்சு."

செவிடன் காதில் ஊதின சங்கு என்று நானே அந்தப் பெட்டிக்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு மாதமாக நான் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். இந்த மனுஷன் ஒரு மாதமாகப் பெண்டாட்டி பேசவில்லையே என்று தவித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. விரல் வலியில் அழுகிறேன் என்று நினைத்து ஊதிவிட்டார்.

அம்மா விஷயத்தை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இத எப்ப கேட்ட?"

"சோறு போடும்போது."

"சோறு போடும்போது நீ சட்டியத்தானே பாப்பே," என்றார்.

சேட்டு வண்டியின் திறந்த பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டினோம். பக்கத்து ஷெட்டு மீன்பாடி வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு குப்பத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் காற்று மண்ணை வாரி அடித்தது.

குப்பத்தில் ஆளாளுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இடிந்த சுவர் இல்லை. அலை அம்மா வீட்டு வாசற்படியில் நுரை வைத்துவிட்டுப் போனது. அம்மா பாத்திரங்களைப் புடவையில் மூட்டை கட்டி வைத்திருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மீன் விற்கும்போது அம்மா குரலுக்கு ஊரே திரும்பும். மாப்பிள்ளை முன்னால் மட்டும் கொசுக் குரல். அந்தக் குரலில் என்னவோ கேட்டாள்.

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் வராவிட்டால் என்ன நினைப்பாள் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் குறுக்கே புகுந்து பேசினால் என் வாய்ப் பேச்சு அவளுக்குப் போதாது. காரணத்தைச் சொன்னால் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். நாளைக்கு ரோடு முழுக்கத் தெரியும்.

அவரே ஓர் அடி முன்னால் வைத்தார்.

"அத்தே, எனக்குக் காது கேக்காது. எதிர வந்து நின்னு பேசு."

சாமான் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவர் முகத்துக்கு நேரே நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். மார்க்கெட்டில் மீன் கூவுகிற அதே குரலை எடுத்தாள்.

"மாப்ளே! நான் உன் வூட்டுக்கு வரட்டுமா?"

குப்பத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவருக்கும் கேட்டது.

"வா அத்தே," என்று மூட்டையைத் தூக்கினார்.