பாடமாக்காத நகர்வு

மகள் எனக்குத் தந்த பழைய கைபேசியில் செஸ் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் 'தொடக்கப் புத்தகம்' என்றொரு பொத்தான். அதை அணைத்துவிட்டால், ஆயத்தமாக வைத்திருக்கும் முதல் நகர்வுகளை எடுத்துப் போடாமல் இயந்திரம் தானே யோசிக்க வேண்டும். நேற்று மத்தியானம் சும்மா இருக்கமாட்டாமல் அணைத்தேன். திரை அசையாமல் நின்றது. அந்த நேரத்தில் எனக்கு விதைநெல் மணந்தது என்றால் நம்புவீர்களா?

ஒட்டுசுட்டானில் நான் முதன்முதலாக வேலை பார்த்த கந்தோர் அப்படித்தான் மணக்கும். விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரேயொரு கணினி. அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் போட்டுக்கொடுக்க, அதில் செஸ் விளையாடுவது லீலாவதி. எனக்குக் கீழே எழுதுநராக இருந்தவர். கணவரோடு காட்டோரம் வயல் செய்தவர்.

இயந்திரம் முதல் எட்டு நகர்வையும் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். லீலாவதி சிரிப்பார்.

"உது யோசிக்கேல்லை சேர். பாடமாக்கி வைச்சு ஒப்புவிக்குது."

அந்தப் பாடத்தைக் குழப்பவென்றே ஓரச் சிப்பாயைத் தள்ளுவார். அதற்கு அவர் வைத்த பெயர் காவல். வயல் மூலையில் யானை வராமல் பார்த்திருக்கக் காவற்கொட்டில் போட்ட பிறகுதானே மற்ற வேலை!

புத்தகம் இல்லாவிட்டால் இயந்திரம் திக்குமுக்காடும் என்று நான் அடித்துச் சொன்னேன். இல்லை என்றார் அவர். ஒருநாள் கணினியில் அந்தப் புத்தகம் இருந்த கோப்பை அழித்துவிட்டு, முதல் நகர்வை இயந்திரத்திடமே விட்டேன். கணினியின் விசிறி நெடுநேரம் இரைந்தது. பிறகு ஓரச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தது.

லீலாவதி கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"உதுக்கு ஆர் சேர் சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை. யோசிச்சுப் போட்டிருக்கு."

"யோசிச்சுக் காவல் போடுதெண்டா ஏதோ வருது. அரைநாள் லீவு தாங்கோ, ரெண்டு மணி பஸ்ஸில போறன். இவரை இண்டைக்குக் கொட்டிலுக்குப் போகவிடமாட்டன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. இருந்து ஆட்டத்தை முடியுங்கோ."

முடித்தார். இயந்திரம் வென்றது, புத்தகம் இல்லாமலே அருமையாக விளையாடியது. என் வாதம் தோற்றும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதி நீட்டிய லீவுக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் அவர் போய்ச் சேர்ந்தபோது கொட்டில் சரிந்து கிடந்தது. யானை போய்விட்டிருந்தது. கணவருக்கு உயிர் இல்லை.

தற்செயல் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லியாயிற்று. அதையும் பாடமாக்கித்தான் வைத்திருக்கிறேன்.

லீலாவதி பிறகு கந்தோருக்கு வரவில்லை. தர்மபுரத்தில் தமக்கை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். தேடிப்போக எனக்கு முகமில்லை. இப்போது அங்கும் இல்லையாம். வயலைக் காடு மூடிவிட்டது. கந்தோர் இடம் மாறிவிட்டது. அந்த இரண்டு மணி பஸ்ஸும் ஓடுவதில்லை.

நேற்றுக் கைபேசியில் ஓரச் சிப்பாய் மெல்ல இரண்டு கட்டம் நகர்ந்தது. மணி பார்த்தேன், ஒன்றே முக்கால்.

"போங்கோ லீலாவதி, கெதியாப் போங்கோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் ஒருவரும் இல்லை.