செல்லி சேர்ந்த நாள்

உதயகலா அக்கா மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு தனியார் மிருக வைத்தியசாலையில் உதவியாளர். பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவர். கருத்தடைக்கு வரும் பெட்டை நாய்களை வீடு வீடாகப் போய் ஓட்டோவில் ஏற்றி வருவதும் அவர்தான்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் இறுதி ஆண்டு ஆய்வு நாயின் முளையம், அதாவது தொடக்க நிலைக் கரு, பற்றியது. அக்காவின் வைத்தியசாலையில் கருத்தடைக்காக வெட்டி எடுத்த கருப்பையைச் சேலைன் உப்புநீரால் கழுவி முளையத்தைத் தேட வேண்டும். பெட்டை கடுவன் நாயோடு சேர்ந்து பத்து நாளுக்குள் என்றால் அது இன்னும் கருக்குழாயில் இருக்கும். பிந்தினால் கருப்பைக்குள் இறங்கிவிடும். ஆகவே சேர்ந்த நாள் தெரியாவிட்டால் எதைக் கழுவுவதென்றே தெரியாது. ஆனால் எங்கள் சனம் பெட்டை நாயைப் பற்றியும் கலியாணமாகாத குமர்ப்பிள்ளையைப் போலத்தான் கதைக்கும். ஐந்து வீட்டில் நாளைக் கேட்டேன். ஐந்திலும் “சேரவேயில்லை.” ஐந்தும் வீண். வெள்ளிக்கிழமைக்குள் முளையம் கிடைக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார்கள் பல்கலைக்கழகத்தில்.

புதன்கிழமை அக்காவோடு பண்டத்தரிப்புக்குப் போனேன். நாய்க்காரி நல்லம்மா நான் கேட்க முதலே, “எங்கடை செல்லி படலை தாண்டாது தம்பி, வளர்ப்பு அப்பிடி” என்றார்.

“ஓம், பார்க்கவே தெரியுது” என்றார் அக்கா. “படலைக்குப் புதுக்கம்பி. எப்ப கட்டினனீங்கள்?”

“போன செவ்வாய். அண்டைக்குத்தான் வாசிகசாலையடிக் கடுவன் உள்ளுக்கு வந்து…” நல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்ல, “அப்ப வயித்திலை குட்டி இருக்குமோ பிள்ளை?”

இல்லையென்று சொல்லுங்கோ அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“இருக்கலாம் அம்மா. இப்ப கண்ணுக்கே தெரியாத அளவு. விருப்பமில்லையெண்டால் நாங்கள் போறம்.”

நல்லம்மா செல்லியின் காதைத் தடவியபடி நின்றார். “போனமுறை ஏழு போட்டது. அடிபட்ட மூண்டை ரோட்டிலையிருந்து நான்தான் அள்ளினனான். கொண்டு போங்கோ.”

செல்லி சேர்ந்து அன்று எட்டாம் நாள். சத்திரசிகிச்சை முடிந்ததும் கருக்குழாய்கள் இரண்டையும் வேறாக்கி, சூலகப் பக்கத்தால் சேலைனை மெல்லச் செலுத்தினேன். மறுமுனையில் சொட்டியதைக் கிண்ணத்தில் ஏந்தி நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். மணி மணியாய் நாலு முளையங்கள்.

அக்கா குனிந்து பார்த்தார்.

“உதுக்கே உவ்வளவு அலைச்சல்?”

“ஓம் அக்கா.”

“சேர்ந்த நாளைக் கேக்கிறதெண்டால் இனி என்னைக் கேக்க விடு. நீ கேட்டால் ஆரும் சொல்லாயினம், பெம்பிளை பார்க்க வந்தவன் மாதிரிக் கேக்கிறாய்” என்றுவிட்டு, செல்லி மயக்கம் தெளிகிறதா என்று பார்க்கப் போனார்.